மரத்தை வெட்டும் முன் மேலே பாருங்க!
கூட்டைக் கலைத்தால் ஜெயில்தான்!

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் சென்னைத் தெருக்களில் கிளை வெட்டும் வேலை வருஷா வருஷம் நடக்கும். மின்கம்பியில் உரசும் கிளை, பஸ் கூரையில் இடிக்கும் கிளை, கடை போர்டை மறைக்கும் கிளை எல்லாவற்றுக்கும் வெட்டு விழும். வேண்டிய வேலைதான். ஆனால் அந்தக் கிளையில் யாராவது குடித்தனம் நடத்துகிறார்களா என்று அண்ணாந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

புளியமரம் சாய்ந்தது

பார்க்காததால் வந்த வினை கேரளாவில் நடந்தது. 2022 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் நெடுஞ்சாலையை அகலப்படுத்த ஒரு புளியமரத்தைச் சாய்த்தார்கள். மரம் நிறைய பறவைக் கூடுகள்! பெரிய பறவைகள் பறந்து தப்பின. பறக்கத் தெரியாத குஞ்சுகள் ரோட்டில் விழுந்து பரிதாபமாகச் செத்தன. வீடியோவைப் பார்த்தவர்கள் பதறினார்கள். வனத்துறை வழக்குப் போட்டது. கூடு உள்ள மரங்களைப் பறவைகள் போன பிறகே வெட்ட வேண்டும் என்று அது முன்பே சொல்லியிருந்தது!

அரிவாளே போதும்

மரம் வெட்ட அனுமதி வேறு. கூட்டைக் கலைப்பது வேறு. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பறவையின் முட்டையை உடைப்பதும் கூட்டைக் கலைப்பதும் 'வேட்டை'தான். துப்பாக்கி வேண்டாம், அரிவாளே போதும்! 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

"காக்கா கூடுதானே?" என்று அலட்சியம் வேண்டாம். முன்பு காக்காயைத் தொல்லைப் பிராணிப் பட்டியலில் வைத்திருந்தார்கள். 2022 சட்டத் திருத்தத்தில் அந்தப் பட்டியலே போய்விட்டது. தவிர, காக்கா கூட்டில் குயில் முட்டையும் இருக்கலாம்!

பத்து நிமிஷம் போதும்

வெட்டுவதற்கு முன் காலையில் பத்து நிமிஷம் மரத்தடியில் நில்லுங்க. தரையில் வெள்ளை எச்சம் நிறையக் கிடக்கிறதா? இரையோடு ஒரே கிளைக்குப் பறவை திரும்பத் திரும்ப வருகிறதா? மேலே குஞ்சு இருக்கு! பொந்துகளையும் விடாதீங்க. கிளி, மைனா, ஆந்தை குடியிருக்கும் வீடு அது.

கூடு இருந்தால் அந்தக் கிளையை விட்டுவையுங்க. காக்கா முட்டையிட்டுக் குஞ்சு பறக்க சுமார் ஒன்றரை மாதம்தான் ஆகும். தள்ளிப்போட முடியாத ஆபத்தான கிளையா? முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்க.

தவறிக் குஞ்சு விழுந்துவிட்டால் சின்னக் கூடையில் வைத்து அதே மரத்தில் கட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்க. மனுஷன் தொட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. தேடி வரும்.

வெட்டிய கிளை அடுத்த மழைக்குத் துளிர்க்கும். செத்த குஞ்சு பிழைக்குமா?