மீன் குட்டையில் பச்சை நிறம்: எவ்வளவு வேண்டும்?

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் பிடித்ததும் சிற்றாற்றில் நீர் வரத்து கூடுகிறது. பண்ணைக் குட்டைகளில் நீர் நிரப்பி மீன் குஞ்சு விட இது ஏற்ற தருணம். ஆனால் குஞ்சு விடுமுன் குட்டையில் இரை உண்டாகியிருக்க வேண்டும்.

நீரின் இளம்பச்சை நிறமே அந்த இரையின் அடையாளம். கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் வெயிலையும் எருச் சத்தையும் கொண்டு வளர்கின்றன. நீர்த்தெள்ளு போன்ற சிற்றுயிர்கள் பாசியைத் தின்கின்றன. மேல்மட்டத்தில் திரியும் கட்லா இச்சிற்றுயிர்களைத் தின்று கொழுக்கிறது. வெள்ளிக் கெண்டை பாசியையே வடிகட்டி உண்ணும். ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிச்சேற்றில் மக்கியவற்றிலும் இரை தேடும். இவற்றைக் கலந்து வளர்த்தால் எந்த மட்டத்து இரையும் வீணாகாது.

சிற்றாறு தாமிரபரணியோடு கலந்து மன்னார் வளைகுடாவை அடைகிறது. அங்கே சாளை மீன் கூட்டம் பெருகுவதும் இத்தகைய மிதவை உயிர்களை நம்பியே.

ஏக்கருக்குச் சுமார் 100 கிலோ சுண்ணாம்பு தூவி, ஒரு வாரம் கழித்துச் சுமார் 800 கிலோ பசுஞ்சாணத்தைக் கரைத்துவிட வேண்டும். 10 முதல் 15 நாட்களில் நீர் நிறம் மாறும். பின்னர் ஏக்கருக்கு 2,000 குஞ்சுகள் விடலாம்.

முழங்கை வரை கையை நீரில் விட்டுப் பார்க்க வேண்டும். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் இரை அளவாக உள்ளது. அப்போதும் தெளிவாகத் தெரிந்தால் மீண்டும் சாணம் தேவை. முழங்கை நனையுமுன்பே மறைந்தால் பாசி மிகுந்துவிட்டது; சாணத்தை நிறுத்திவிட வேண்டும்.

பாசி மிகுவது ஆபத்து. பகலில் நீருக்குப் பிராண வாயு தரும் பாசி, இரவில் அதையே எடுத்துக்கொள்கிறது. சாணம் மக்குவதற்கும் பிராண வாயு செலவாகும். எனவே விடியற்காலையில் அது மிகவும் குறைந்திருக்கும். மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறினால் அதுவே அறிகுறி. உடனே புது நீர் பாய்ச்ச வேண்டும். இயலாவிட்டால் பம்பு செட்டால் குட்டை நீரையே இறைத்து மேலிருந்து கொட்டச் செய்யலாம். தீவனத்தையும் நிறுத்த வேண்டும்.

சாரல் நாட்களில் வெயில் குறைவு. பாசி தரும் பிராண வாயுவும் குறைவு. ஆகவே தொடர்ந்து மேகமூட்டமாக இருக்கும்போது சாணம் இடாமல், வெயில் கண்டபின் இடுவதே நல்லது. ஒரே விடியலில் குட்டை மீன் முழுவதும் மிதக்கும் நஷ்டத்தை இதனால் தவிர்க்கலாம்.