உங்களுக்குத் தெரியுமா?

ஓய்வு பெற்று ஒன்பது மாதம் கழித்து, 40 வயதில் இந்தியக் கால்பந்து அணிக்குத் திரும்பினார் சுனில் சேத்ரி. வந்த முதல் ஆட்டத்திலேயே தலையால் முட்டி ஒரு கோல்! 2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என வென்றது இந்தியா. 2023 நவம்பருக்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி அது.

● 2024 ஜூன் 6, கொல்கத்தா. குவைத்துடன் கோலின்றி முடிந்த ஆட்டத்தோடு விடைபெற்றபோது அவர் கணக்கு: 151 ஆட்டம், 94 கோல். ஷில்லாங்கில் அடித்தது 95-வது.

● 2013-இல் பெங்களூரு எஃப்.சி. தொடங்கிய ஆண்டே அங்கே சேர்ந்தவர் அவர். 2024-25 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தில் 14 கோல்; இந்தியர்களில் அவரே முதலிடம். அந்த டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். ஐ.எஸ்.எல்.லில் அந்த வயதில் வேறு யாரும் ஹாட்ரிக் அடித்ததில்லை. கோவாவுடன் அரையிறுதி. மாற்று வீரராக இறங்கி, கூடுதல் நிமிடங்களில் தலையால் முட்டி, கிளப்பை இறுதிப் போட்டிக்கு இட்டுச் சென்றதும் அவர்தான். அந்த ஒரு கோலுக்காகவே அந்த ஆட்டத்தைத் தேடிப் பார்க்கலாம்.

● இந்தியாவுக்காக அவரது முதல் கோல்: 2005 ஜூன், பாகிஸ்தானின் குவெட்டா. அதுவும் அறிமுக ஆட்டத்தில்தான்.