ஞாபகம் என்பது ஒன்றல்ல

காலையில் தேநீர் அருந்திய முதியவர் அரை மணித்தியாலத்தின் பின்னர் "எனக்கு இன்னும் தேநீர் தரவில்லையே" என்று கேட்கின்றார். அதே முதியவர் சிறுவயதில் மனனஞ் செய்த தேவாரத்தையோ திருக்குர்ஆன் சூறாவையோ ஓரெழுத்துப் பிசகாமல் ஓதிவிடுகின்றார். 'வேண்டுமென்றே நடிக்கின்றார்' என வீட்டார் சினங்கொள்வதை எத்தனையோ இல்லங்களில் நாம் கண்டிருக்கின்றோம். இச்சினம் நியாயமற்றது என்பதை மருத்துவ உலகம் அறிந்து பல தசாப்தங்கள் கடந்துவிட்டன.

அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் 1953 ஆம் ஆண்டு ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்குச் சத்திரசிகிச்சை ஒன்று செய்யப்பட்டது. அவரை வாட்டிய கடும் வலிப்பைத் தணிப்பதற்காக, டாக்டர் வில்லியம் ஸ்கோவில் மூளையின் இருபுறத்துக் கடைநுதற் சோணைகளின் உட்பகுதியை, ஹிப்போகம்பஸ் எனப்படும் கடற்குதிரை வடிவ உறுப்பின் பெரும்பகுதியுடன் சேர்த்து அகற்றினார். வலிப்புத் தணிந்தது. ஆனால், அன்று முதல் புதிய நிகழ்வு எதனையும் அவரால் நினைவில் இருத்த முடியவில்லை. சற்று முன்னர் உரையாடியவர்கூட அவருக்கு அந்நியரே. துணிந்து செய்யப்பட்ட இப்பரிசோதனை விபரீதமாக முடிந்தது என்பதே எமது கருத்து. ஸ்கோவிலும் பின்னர் இதனைச் செய்யவேண்டாமென ஏனைய மருத்துவர்களை எச்சரித்தார்.

மொன்றியல் நகர உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் தமது கையை மட்டும் பார்த்தவாறு நட்சத்திரம் ஒன்றை வரையுமாறு மொலைசனைப் பணித்தார். மூன்று நாட்களில் அவரது பிழைகள் வெகுவாகக் குறைந்தன. ஆயினும், அப்படியொரு பயிற்சியைச் செய்ததாகவே அவருக்கு நினைவிருக்கவில்லை! 2008 டிசெம்பரில் தமது 82 ஆவது வயதில் காலமாகும் வரை அவர் அந்நிலையிலேயே வாழ்ந்தார்.

நிகழ்வுகளைப் பதியும் ஆற்றல் வேறு, கைப்பழக்கம் வேறு என்பது இதனால் துலங்கியது. முன்னையதற்கு ஹிப்போகம்பஸ் இன்றியமையாதது. சைக்கிளோட்டம் போன்ற பழக்கங்களை, டோபமைன் என்ற இரசாயனத்தின் துணையுடன் இயங்கும் மூளையின் அடித்தள முடிச்சுகளும் மூளியும் பேணுகின்றன. நெடுங்காலம் மீட்டி மீட்டி ஓதியவை மூளைய மேற்பட்டையெங்கும் பரந்து வேரூன்றிவிடுவதால், ஹிப்போகம்பஸ் நலிந்த பின்னரும் நிலைக்கின்றன.

அச்சத்தின் நினைவுக்கு வேறொரு வழியுண்டு. பேரச்சம் நேர்கையில் சுரக்கும் நோர்அட்ரினலின், அமிக்டலா என்ற வாதுமை வடிவப் பகுதியைத் தூண்டி அந்நினைவை ஆழப் பதிக்கின்றது. 2004 ஆழிப்பேரலையையும் போரையும் கண்ட எமது மக்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

அல்சைமர் நோயில் ஆரம்பத்திலேயே பாதிப்புறுவனவற்றுள் ஹிப்போகம்பஸும் ஒன்று. அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை வழங்கும் நரம்புக்கலங்களும் அழிகின்றன. டொனெபெசில் போன்ற மருந்துகள் எஞ்சியுள்ள அசற்றைல்கோலின் சிதைவதைத் தடுத்துச் சிறிது ஆறுதலளிக்கின்றன, நோயைக் குணப்படுத்துவதில்லை. மறுபுறம், தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் நாம் சாதாரணமாக வாங்கிக் கொடுக்கும் பழைய வகை மாத்திரைகள் சில, அதே இரசாயனத்தின் செயலைத் தடுத்து முதியோரின் தடுமாற்றத்தை அதிகரிக்கக்கூடியவை. எனவே, மறதியுள்ள முதியவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்பவர்கள், அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் உடன் கொண்டுசென்று காட்டுவது அவசியமாகும்.