பெரிய ஏரி! சின்னப் பரிசல்!

மேட்டூரில் கட்லா - மிச்சிகனில் சால்மன்

திருச்சி சத்திரம் பஸ் நிலையம்.

ஸ்ரீரங்கம் போகும் 1-ம் நம்பர் பஸ் புறப்படுகிறது. உட்கார இடம் பிடித்தவர்கள் சிலர். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் பலர். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் எல்லாருடைய தலையும் ஜன்னல் பக்கம் திரும்புகிறது.

"தண்ணி வந்துட்டுதா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத திருச்சிக்காரர் கிடையாது.

அந்தத் தண்ணீர் மேட்டூரில் இருந்து வருகிறது. அணையைத் திறந்துவிட்டால், சுமார் மூன்று நாட்களில் முக்கொம்புக்கு வந்து சேரும். அங்கே காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரியும். நடுவில் இருப்பதுதான் ஸ்ரீரங்கம்.

மேட்டூர் அணை வயலுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாருக்கும் தெரியும். அந்த அணைக்குப் பின்னால் கிடக்கும் பெரிய ஏரியில், வட்டப் பரிசலில் போய் மீன் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு.

அந்த ஏரியில் பேர் பெற்ற மீன், கட்லா. அது காவிரியில் பிறந்த இனமே அல்ல! வடக்கே இருந்து மனிதன் கொண்டுவந்து விட்ட மீன்.

பூமிப் பந்தின் மறுபக்கத்தில், அமெரிக்காவிலும் இப்படி ஓர் ஏரி இருக்கிறது. அங்கே விடப்பட்ட மீன், சால்மன். அதைத் தேடியும் சின்னப் படகுகள் போகின்றன.

மீன் வேறு; நாடு வேறு. கதை மட்டும் ஒன்று!

வழி அடைபட்ட மீன்

சால்மன் ஒரு விசித்திரமான மீன். ஆற்றில் பிறக்கும். கடலுக்குப் போய் வளரும். முட்டையிடும் பருவம் வந்ததும், பிறந்த ஆற்றைத் தேடி வந்துவிடும். அந்த ஆற்றுத் தண்ணீரின் வாசனையை அது மறப்பதில்லை என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். பசிபிக் கடல் சால்மன்கள் முட்டையிட்டு முடிந்ததும் செத்துப்போகும்.

நம் நாட்டிலும் கடலில் இருந்து ஆற்றுக்கு ஏறி வரும் மீன் உண்டு. அதன் பெயர் உல்லம். வங்காளிகள் இதை இலிஷ் என்பார்கள். ஆந்திராவில் புலசை. தாலியை விற்றாவது புலசையைத் தின்ன வேண்டும் என்று கோதாவரிக் கரையில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அவ்வளவு ருசி!

புது வெள்ளம் கடலில் கலந்ததும் உல்லம் கூட்டம் கூட்டமாகக் கொள்ளிடத்தில் ஏறி வந்தது. எதிர்த்து வரும் தண்ணீர்தான் அதற்கு அழைப்பு.

1836-ம் ஆண்டை ஒட்டி, ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினியர் கொள்ளிடத்தின் குறுக்கே இரண்டு அணைகள் கட்டினார். முக்கொம்பில் மேலணை. அணைக்கரையில் கீழணை. தஞ்சாவூர் வயல்கள் பிழைத்தன. ஆனால், மீனுக்குச் சுவர் எழும்பிவிட்டது. கீழணையில் மீன் ஏறிப் போகத் தனி வழி அமைத்துப் பார்த்தார்கள். உல்லம் அந்த வழியை மதிக்கவில்லை. 1909-ல் கொள்ளிடக் கரையில் உல்லத்தின் முட்டையை எடுத்துச் செயற்கையாகப் பொரிக்க வைக்கவும் முயன்றார்கள்.

பிறகு மேட்டூர் அணை வந்தது. வெள்ளம் மேலேயே தேங்கி நின்றது. கடலுக்குப் போகும் புது வெள்ளம் குறைந்தது. அழைப்பு இல்லாத வீட்டுக்கு விருந்தாளி வருவானா? உல்லத்தின் வரத்து தேய்ந்துவிட்டது.

கங்கையிலும் இதே கதைதான். அலகாபாத் வரை ஏறிப் போன உல்லத்தை, 1975-ல் திறக்கப்பட்ட பராக்கா அணை தடுத்துவிட்டது.

59 சதுர மைல்!

மேட்டூர் அணையை 1925-ல் கட்டத் தொடங்கி, 1934-ல் முடித்தார்கள். அணையின் உயரம் 214 அடி. நீளம் சுமார் 5,300 அடி. தண்ணீர் தேங்கும் மட்டம் 120 அடி. அப்போது சென்னை கவர்னராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரை ஏரிக்கு வைத்தார்கள். ஏரி நிரம்பினால் சுமார் 59 சதுர மைலுக்குத் தண்ணீர் பரவி நிற்கும்.

இந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருக்கின்றன! அணை கட்டியபோது மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். கோடையில் நீர்மட்டம் நன்றாக இறங்கினால், பண்ணவாடி பக்கம் பழைய கோவிலின் நந்தி சிலையும் பழைய மாதா கோவிலின் கோபுரமும் தலை காட்டும். அவற்றைப் பார்க்கக் கூட்டம் கூடும்.

ஓடும் ஆறு நிற்கும் ஏரியாக மாறினால், ஆற்று மீன்களில் சில தழைக்கும். சில தேயும். பெரிய ஏரிக்கு வேகமாக வளரும் மீன் வேண்டும். அப்படி வந்ததுதான் கட்லா. கங்கை, கோதாவரி போன்ற ஆறுகளின் மீன் அது. பெரிய தலை, மேல் நோக்கிய வாய். தண்ணீரின் மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுவில் மேயும். மிர்கால் அடியில் மேயும். ஒன்றின் சாப்பாட்டில் மற்றொன்று கை வைப்பதில்லை!

ஆனால், இதில் ஒரு சிக்கல். இந்த மீன்கள் வெள்ளம் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும். குளத்து நீரில் இடா. 1957-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி இதற்கு வழி கண்டார். மீனின் மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியின் சாற்றை எடுத்து, இன்னொரு மீனுக்கு ஊசி போட்டார். அது முட்டையிட்டது! அந்த நாளையே இன்று மீன் வளர்ப்போர் தினமாக நாடு கொண்டாடுகிறது.

மேட்டூரிலும் அரசு மீன் பண்ணை இருக்கிறது. அங்கே வளர்க்கும் குஞ்சுகளை ஏரியில் விடுகிறார்கள்.

அழைக்காமலே வந்து குடியேறிய மீனும் உண்டு. ஜிலேபி கெண்டை! ஆப்பிரிக்காவில் பிறந்த இனம். 1952-ல் இலங்கையில் இருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாத ஏரியோ குளமோ அபூர்வம்.

கணவர் வலை, மனைவி துடுப்பு

பரிசலுக்கு முன்புறமும் இல்லை, பின்புறமும் இல்லை. மூங்கில் பட்டைகளைக் கூடை போலப் பின்னி, அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் ஷீட் போர்த்தித் தார் பூசினார்கள். இப்போது பைபர் பரிசலும் வந்துவிட்டது.

துடுப்பை ஒரே பக்கம் போட்டால் பரிசல் பம்பரமாகச் சுற்றும். முன்னால் எட்டிப்போட்டு, தண்ணீரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். பழகாத கைக்கு அது வராது.

பல பரிசல்களில் துடுப்பு மனைவியின் கையில் இருக்கும். வலை கணவரின் கையில் இருக்கும். அந்தி சாயும் நேரத்தில் புறப்படுவார்கள். மனைவி மெதுவாக ஓட்ட ஓட்ட, கணவர் வலையை விட்டுக்கொண்டே போவார். இதற்கு ரங்கூன் வலை என்று பெயர். மேலே மிதப்பு, கீழே பாரம். தண்ணீருக்குள் திரை கட்டியதுபோல் வலை நிற்கும். இருட்டில் வரும் மீன் தலையை நுழைக்கும். முன்னால் போக முடியாது. பின்னால் இழுத்தால் செவுளில் நூல் மாட்டிக்கொள்ளும்.

விடியும்போது வலையை எடுப்பார்கள். மீன் கிடைத்தால் கூலி. கிடைக்காவிட்டால் கைவலிதான் மிச்சம்!

"மேக்க பாருங்க!"

பரிசலுக்கு எதிரி பாறை அல்ல, முதலை அல்ல. காற்றுதான்!

ஆடி மாதம் மேற்கே இருந்து வீசும் காற்று, பரந்த ஏரியில் அலையைக் கிளப்பிவிடும். ஆற்றில் போனால் இரண்டு பக்கமும் கரை தெரியும். பண்ணவாடியில் இருந்து நாகமரைக்குப் போகும் நடு ஏரியில் நின்று பார்த்தால், கரை எட்டத்தில் ஒரு கோடுதான்.

வலையை எடுத்துக்கொண்டிருக்கும்போதே வானம் கறுக்கும். அப்போது பரிசலில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"ஏங்க, மேக்க பாருங்க. கருக்கிட்டு வருது."

"இன்னும் நாலு வலைதான் புள்ள. எடுத்துடலாம்."

"வலை போனா வாங்கிக்கலாங்க. கரைக்குப் போயிடலாம்."

வலை சும்மா வந்ததல்ல. கடன் வாங்கி வாங்கியதாக இருக்கும். அதை விட்டுவிட்டு வர எந்த மனிதருக்கும் மனம் வராது. ஆனால், துடுப்பு யார் கையில் இருக்கிறதோ, அவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும். கேட்டவர்கள் கரை சேருகிறார்கள்.

அமெரிக்காவில் மீன் ஜுரம்

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி 22,000 சதுர மைலுக்கு மேல் பரந்தது. நிரம்பிய மேட்டூர் ஏரியைப்போல் 350 ஏரிகள் அதற்குள் அடங்கும்!

நயாகரா நீர்வீழ்ச்சி, கடல் மீன்களை இந்த ஏரிகளுக்குள் வர விடாமல் தடுத்து வந்தது. அதைச் சுற்றிக் கப்பல் போக ஒரு கால்வாய் வெட்டினார்கள். கப்பலோடு கடல் பிராணிகளும் உள்ளே வந்தன. அவற்றில் ஒன்று லாம்ப்ரே. விலாங்கு போன்ற உடம்பு, வட்ட வாய். பெரிய மீனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். ஏரியின் பெரிய மீன்கள் அழிந்தன. அவற்றுக்கு இரையாக வேண்டிய ஏலவைப் என்ற சிறு மீன் கட்டுக்கு அடங்காமல் பெருகியது. 1967 கோடையில் அவை கோடிக்கணக்கில் செத்துக் கரை ஒதுங்கின. நாற்றம் தாங்க முடியவில்லை.

மேட்டூரில் வழியை அடைத்ததால் மீன் போயிற்று. அங்கே வழியைத் திறந்ததால் மீன் போயிற்று!

மிச்சிகன் மாநில மீன் அதிகாரி ஹோவர்ட் டானர் ஒரு யோசனை சொன்னார். "சிறு மீனைத் தின்னப் பெரிய மீனை விடுவோம்" என்பதே அது. பசிபிக் கரையில் இருந்து கோஹோ சால்மன் முட்டைகளை வரவழைத்தார்கள். 1966 வசந்த காலத்தில் 8 லட்சத்துக்கு மேற்பட்ட குஞ்சுகளை ஆறுகளில் விட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு சாண் கூட இல்லை. அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அவை திரும்பி வந்தன. 4, 5 கிலோ எடையோடு!

செய்தி பரவியது. நாலா பக்கமும் இருந்து மக்கள் படகுகளைக் காரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இதற்குக் "கோஹோ ஜுரம்" என்றே பெயர் வந்துவிட்டது.

ஓடும் தூண்டில்

மேட்டூரில் வலை நிற்கும். மீன் வந்து மாட்டும். மிச்சிகனில் தூண்டில் ஓடும். மீன் துரத்திவந்து கடிக்கும்!

மனிதன் நடக்கும் வேகத்தில் படகை விடுகிறார்கள். பின்னால் கரண்டி வடிவில் ஒரு பளபளப்பான தகடு போகும். அது தண்ணீரில் புரண்டு புரண்டு மின்னும். அடிபட்ட சின்ன மீன் தத்தளிப்பதாகச் சால்மன் நினைத்துப் பாயும். தகட்டில் கொக்கி இருக்கும்.

கோடையில் ஏரியின் மேல் தண்ணீர் சூடாகிவிடும். சால்மனுக்குக் குளிர்ந்த நீர்தான் பிடிக்கும். ஆகவே ஆழத்துக்குப் போய்விடும். தூண்டிலையும் அங்கே அனுப்ப, இந்தக் காலத்தில் கம்பியில் ஈயக் குண்டைக் கட்டி இறக்குகிறார்கள். மீன் கடித்ததும் நூல் குண்டை விட்டுக் கழன்றுகொள்ளும். பிறகு மீனுக்கும் மனிதனுக்கும்தான் போட்டி.

செப்டம்பர் 23

1967 செப்டம்பர் 23. அன்று சனிக்கிழமை. மிச்சிகன் ஏரியின் பிளாட் விரிகுடாவில் சின்னப் படகுகள் மொய்த்துக் கிடந்தன. சிறு படகுகள் போகக் கூடாது என்று எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. மீன் ஆசையில் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை.

காற்று வந்தது. அலைகள் எழுந்தன. படகுகள் கவிழ்ந்தன. ஏழு பேர் மாண்டார்கள்.

அவர்களில் யாருக்கும் அந்த மீன் ஒரு வேளைச் சோறு அல்ல. விளையாட்டுக்குப் போனவர்கள். "இன்னும் ஒரு மீன்" என்ற நினைப்பு உயிரைக் குடித்தது.

சால்மனின் அதிர்ஷ்டமும் நிலையானதாக இல்லை. பக்கத்தில் உள்ள ஹியூரன் ஏரியில் 2004-ம் ஆண்டு வாக்கில் ஏலவைப் அற்றுப்போயிற்று. இரை போனதும் அங்கே சால்மனும் குறைந்துவிட்டது. ஒரு மீனைக் கொண்டுவந்து விடுவது எளிது. அதற்குச் சாப்பாடு இருக்கிறதா என்று காலமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம்.

பாலத்தின் மேல்

மீண்டும் சத்திரம் பஸ் நிலையத்துக்கு வருவோம். சாயங்கால நேரம். வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டம் 1-ம் நம்பர் பஸ்ஸில் ஏறுகிறது. பாலத்தின் மேல் பஸ் போகிறது. கீழே மேட்டூர்த் தண்ணீர் ஓடுகிறது.

இந்தத் தண்ணீர் கடலுக்குப் போய்ச் சேர்ந்தால், அதன் வாசனை உல்லத்தை அழைக்கும். போகிற வழியில் அது வயலுக்கும் வேண்டும், குடிக்கவும் வேண்டும். மீனுக்காக அணையை இடிக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால், சோற்றுக்குக் கொடுத்த விலையில் ஒரு மீனும் சேர்ந்திருக்கிறது. அதை நினைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

இதே நேரத்தில் மேட்டூர் ஏரியில் பரிசல்கள் புறப்பட்டுக்கொண்டிருக்கும். வலை கணவரிடம். துடுப்பு மனைவியிடம். அவளுடைய கண் மட்டும் மேற்கு வானத்தின் மேல்!