ரயில் பிரயாணமும் குழந்தைகளின் உடல்நலமும்

கோடை விடுமுறை தொடங்கியதும் நமது ரயில் நிலையங்களில் குடும்பத்துடன் பிரயாணம் செய்வோரின் கூட்டம் பெருகுகின்றது. உத்தியோகம் காரணமாக வெளி மாநிலங்களில் வாழ்வோர் சொந்த ஊருக்குத் திரும்புவதும், ஊரில் இருப்போர் வடநாட்டுத் தலங்களைக் காணப் புறப்படுவதும் பெரும்பாலும் இக்காலத்தில்தான். சென்னையிலிருந்து தில்லி சுமார் 2,180 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. விரைவு வண்டியிலும் ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகின்றது. இத்தகைய நீண்ட பிரயாணத்தைப் பெரியவர்கள் சற்றுக் களைப்புடன் முடித்துவிடுகின்றனர். குழந்தைகளின் நிலை வேறு. வழியில் அவர்களுக்கு நேரக்கூடிய கோளாறுகளுள் மிகச் சாதாரணமானதும், அலட்சியம் செய்தால் மிக ஆபத்தானதும் வயிற்றுப்போக்கு ஆகும். அதைத் தடுக்கும் வகையையும், வண்டியில் நேர்ந்துவிட்டால் வைத்தியரை அடையும் வரை பெற்றோர் செய்ய வேண்டியதையும் இங்கே காண்போம்.

குழந்தையின் உடலும் நீரும்

பிறந்த குழந்தையின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீரே. வளர்ந்த மனிதரின் எடையில் அது ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு. மேலும், எடையுடன் ஒப்பிட்டு நோக்கினால் குழந்தையின் தோற்பரப்பு பெரியவருடையதைக் காட்டிலும் அதிகம். ஆதலால் தோலின் வழியாகக் குழந்தை இழக்கும் நீரும் விகிதத்தில் அதிகமாகின்றது.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். 10 கிலோகிராம் எடையுள்ள குழந்தை வயிற்றுப்போக்கினால் அரை லிட்டர் நீரை இழந்தால், எடையில் 5 சதவீதம் குறைந்துவிடுகின்றது. நீர்வறட்சியின் அறிகுறிகள் தோன்றத் தொடங்குகின்றன. இழப்பு ஒரு லிட்டரை எட்டினால் உயிருக்கே ஆபத்து. அதே அரை லிட்டர், 60 கிலோகிராம் எடையுள்ள தந்தைக்கு ஒரு சதவீதம்கூட ஆகாது. தமக்கு ஒன்றும் நேராததைக் கண்டு, குழந்தைக்கும் ஒன்றும் இராது என்று பெற்றோர் எண்ணுவது தவறாகும்.

வருமுன் காத்தல்

நோய்க் கிருமிகள் நீர், உணவு, கைகள் ஆகிய மூன்று வழிகளில் குழந்தையின் வாயை அடைகின்றன. கொதித்து ஆறிய நீரை மூடியுள்ள பாத்திரத்தில் கொண்டுசெல்வது நலம். நீர் நன்கு குமிழியிட்டுக் கொதித்தபின் ஒரு நிமிடம் அடுப்பில் இருந்தால் போதும். அது தீர்ந்தபின், முத்திரை உடையாத ஒரு லிட்டர் நீர்ப்புட்டியை வாங்கலாம்.

ஆறு மாதம் நிரம்பாத, தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தைக்குக் கடுங்கோடையிலும் வேறு நீர் வேண்டுவதில்லை. தாய்ப்பாலிலுள்ள நீரே போதுமானது. அடிக்கடி ஊட்டினால் சரி.

வீட்டுச் சமையலாயினும், சமைத்த சோறு கோடை உஷ்ணத்தில் பல மணி நேரம் இருந்தால் அதில் சில கிருமிகள் பெருகி நஞ்சினை உண்டாக்குகின்றன. இந்நஞ்சுகளுள் சில, மறுபடி சுடவைத்தாலும் அழிவதில்லை. எனவே கட்டுச்சோற்றை முதல் வேளைக்கே பயன்படுத்துதல் வேண்டும். பின்வரும் வேளைகளுக்குப் பொரி, ரொட்டி முதலிய உலர்ந்த பண்டங்களும், நாமே தோல் உரித்துக் கொடுக்கும் வாழைப்பழமும் ஆரஞ்சும் ஏற்றவை. நறுக்கி வைத்து விற்கும் பழங்களைத் தவிர்க்க வேண்டும். உண்பதற்கு முன்னும் கழிப்பறைக்குச் சென்று வந்தபின்னும் சோப்பினால் கை கழுவுவதைக் குடும்பத்தார் அனைவரும் கடைப்பிடித்தல் அவசியம்.

குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணமான ரோட்டா வைரஸுக்கு எதிரான தடுப்பு மருந்து, 2016-ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நமது நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் அளிக்கப்படும் இம்மருந்தைப் பிரயாணத்தை முன்னிட்டுத் தள்ளிப்போடலாகாது.

வழியில் நேர்ந்துவிட்டால்

நாக்பூருக்கும் இட்டார்சிக்கும் இடையே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். வண்டி இவ்விடத்தைக் கடக்கும்போது இரண்டு வயதுக் குழந்தைக்கு நீர்போலப் பேதியாகத் தொடங்குகின்றது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பெரிய நிலையம் வரச் சில மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தை வீணாக்காமல் இருப்பதற்கு உதவும் சாதனம், ஓ.ஆர்.எஸ். என வழங்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலேயாகும்.

இதன் தத்துவம் எளியது. வயிற்றுப்போக்கின்போது குடல் தனியாக வரும் உப்பையும் நீரையும் சரிவர உறிஞ்சுவதில்லை. ஆனால் குளுக்கோஸுடன் சேர்ந்து வரும் சோடியத்தைச் சிறுகுடலின் உட்சுவர் அப்போதும் ஏற்றுக்கொள்கின்றது. நீரும் அதனைத் தொடர்ந்து உட்செல்கின்றது. இவ்வுண்மையின் பயன் 1971-ஆம் ஆண்டு நமது நாட்டிலேயே பெருமளவில் நிரூபிக்கப்பட்டது. வங்க எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தும் திரவம் போதாமற் போயிற்று. டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே வாய்வழியாகப் புகட்டச் செய்தார். 30 சதவீதம் அளவில் இருந்த மரணம் 4 சதவீதத்திற்கும் கீழே குறைந்தது.

அளவே முக்கியம்

உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி ஒரு பெரிய பொட்டலத்தில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் உள்ளன. இந்த 20.5 கிராம் தூள் சரியாக ஒரு லிட்டர் நீருக்கு உரியது. அதனை ஒரு தம்ளர் நீரில் கரைத்துவிடுவது பலர் செய்யும் தவறு. அவ்விதம் அடர்த்தியான கரைசல் உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை மிகுவிக்கும். இரத்தத்தில் உப்பும் அளவுக்கு மிஞ்சும். தூளைக் குறைத்துக் கரைத்தால் உரிய பயன் கிட்டாது.

ரயிலில் அளவுப் பாத்திரம் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. நிலையத்தில் விற்கும் ஒரு லிட்டர் நீர்ப்புட்டியே சரியான அளவாகும். திறந்தவுடன் சிறிது நீரைச் சுத்தமான தம்ளரில் ஊற்றி வைத்து, தூள் முழுவதையும் புட்டியிலிட்டுக் குலுக்கி, தம்ளரிலுள்ள நீரையும் திரும்பச் சேர்க்க வேண்டும். 200 மில்லிலிட்டருக்குரிய சிறிய பொட்டலங்களும் கிடைப்பதால், உறையிலுள்ள அளவைப் படித்தபின்னரே கரைத்தல் நலம். கரைசலை 24 மணி நேரத்திற்குமேல் வைத்திருக்கலாகாது.

இனிப்புப் பானங்களை இதற்கு மாற்றாகக் கொள்வதும் பிழை. அவற்றில் சர்க்கரை மிகுதி, உப்புக் குறைவு. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், இத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்னும் சொல் இடம்பெறலாகாது என உத்தரவிட்டது. மருந்துக் கடையில் மேற்கூறிய முறைப்படி அமைந்த பொட்டலத்தையே கேட்டு வாங்குக.

இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியானபின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர் வரையும், அதற்கு மேற்பட்ட வயதினருக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர் வரையும் கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடரலாம். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. பேதியைக் கட்டும் மாத்திரைகளைச் சிறு குழந்தைகளுக்கு அளிக்கவே கூடாது. ஊர் சேர்ந்தபின், வைத்தியரின் யோசனைப்படி ஜிங்க் மாத்திரையை 14 நாட்கள் கொடுத்து வருதல் வேண்டும்.

கண்கள் குழிவிழுதல், ஓயாத அழுகை, நீரைக் கண்டதும் ஆவலுடன் பருகுதல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகப் படிதல் ஆகியவை நீர்வறட்சியின் அறிகுறிகள். குழந்தை சோர்ந்து மயங்கினாலோ, பருக இயலாமற் போனாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, ஊர் போய்ச் சேரட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. பயணச்சீட்டுப் பரிசோதகரிடம் கூறியோ, 139 என்னும் ரயில்வே தொலைபேசி எண்ணை அழைத்தோ, அடுத்த நிலையத்தில் வைத்திய உதவி கோர வேண்டும். அதுவரை, குழந்தை விழுங்க முடிந்தால், கரைசலைத் தொடர்ந்து புகட்டி வரலாம்.

பிரயாணத்திற்கு முதல் நாள் இரவு துணிமணிகளை அடுக்கும்போது இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், ஒரு கரண்டி, ஒரு தம்ளர், ஒரு சோப்புக் கட்டி ஆகியவற்றையும் எளிதில் எடுக்கக்கூடிய கைப்பையில் வைப்பது பெற்றோரின் கடமை. அவற்றின் விலை சொற்பம். எடை அதனினும் சொற்பம். வேண்டிய வேளையில் அவை கையருகே இருத்தல் வேண்டும் என்பதே முக்கியம்.