தனியே கடலுக்குப் போகிறவர் கரையில் சொல்லிவிட்டுப் போகட்டும்

பாய் கட்டிய சிறு படகோ, இன்ஜின் வைத்த ஃபைபர் படகோ, கிருமாம்பாக்கத்தை அடுத்த நரம்பை, பனித்திட்டுக் கரையிலிருந்து ஒற்றை ஆளாய்ப் புறப்படுகிறவருக்குப் பெரிய ஆபத்து புயல் அல்ல. புயலுக்குத் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள், வானொலியிலும் சொல்கிறார்கள். தவறி நீரில் விழுந்தால் படகைத் திருப்பிக் கொண்டுவர ஆள் இல்லை என்பதுதான் ஆபத்து. பாயில் காற்று இருக்கும்வரை படகு போய்க்கொண்டே இருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவராலும் அதை எட்டிப் பிடிக்க முடியாது.

அதனால் இடுப்புக்கும் படகுக்கும் ஒரு கயிறு வேண்டும். இன்ஜின் படகானால், இழுத்தால் இன்ஜினை நிறுத்திவிடும் சிவப்புக் கயிறு கையில் மாட்டியிருக்க வேண்டும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: நனைந்த உடம்போடு, களைத்த கையோடு படகின் விளிம்பைப் பிடித்து ஏறுவது மிகக் கடினம். பின்பக்கம் காலை நுழைத்து ஏறுமளவு ஒரு கயிற்றுக் கண்ணி தொங்கட்டும். அதற்குக் கொஞ்சம் கயிறுதான் செலவு. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் போட்டு வைப்பதால் பயனில்லை. உடம்பில் கட்டியிருக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தாமல் படகையே பிடித்துக்கொண்டிருங்கள். தேடி வருகிறவர் கண்ணுக்கு முதலில் தெரிவது தலை அல்ல, படகு.

கோடையில் காலையில் கச்சான் காற்று அடிக்கும்போது கரையோரக் கடல் தட்டையாகத் தெரியும். அந்தக் காற்று படகைக் கடலுக்குள் தள்ளும் காற்று. மதியம் கடல்காற்று திரும்பும் என்று நம்பிப் போய், அன்று அது திரும்பாவிட்டால் பாய்ப்படகு வெளியே போய்க்கொண்டே இருக்கும். வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை எச்சரிக்கையையும் முந்தைய இரவே பார்த்துவிடுங்கள்.

2018 செப்டம்பரில் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் சென்றபோது புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டு அசைய முடியாமல் கிடந்தார். அவர் இருக்கும் இடம் கரையில் தெரிந்திருந்தது. செய்தி அனுப்பவும் அவரிடம் கருவி இருந்தது. மூன்று நாளில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. படகில்தான் தனியாள், கரைக்கு அவர் தொலைந்துபோகவில்லை.

அப்படிக் கரைக்குத் தொலையாமல் இருப்பது நம் ஊர்க்காரருக்கும் முடியும். புறப்பட்ட நேரம், போகும் திசை, திரும்பும் நேரம், படகின் நிறம், பதிவு எண் ஆகியவற்றை வீட்டில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சொன்ன நேரம் தாண்டினால் உடனே 1554 எண்ணில் இந்தியக் கடலோரக் காவல் படையை அழையுங்கள். கடலோரக் காவல் நிலையத்துக்கு 1093. இரண்டு எண்களுக்கும் கட்டணமில்லை. படகு எந்தப் பக்கம் மிதந்து போயிருக்கும் என்று கணிக்கும் மென்பொருள் இன்காய்ஸிடம் இருக்கிறது. ஆனால் கடைசியாக எங்கே, எப்போது இருந்தார் என்பதைச் சொன்னால்தான் அது கணிக்கும். விடியட்டும் என்று காத்திருப்பது தேட வேண்டிய பரப்பைப் பெருக்கிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். தடையை மீறிப் போனார், படகுக்குப் பதிவில்லை என்ற பயத்தில் சில குடும்பங்கள் வாய் திறக்கத் தயங்கலாம். அந்தப் பயம் வேண்டாம். கடலில் தத்தளிப்பவர் யாராக இருந்தாலும் காப்பாற்ற வேண்டும் என்கிறது 1979-ஆம் ஆண்டின் சர்வதேசத் தேடல், மீட்பு உடன்படிக்கை. அபராதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மீட்புக்கு அடுத்தது காப்பீடு. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் விபத்துக் காப்பீட்டில் மீனவர் பணம் கட்ட வேண்டியதில்லை. இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000. உங்கள் பெயர் இந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று மீன்வளத் துறையில் கேட்டுவிடுங்கள்.

உடல் கிடைக்காத குடும்பத்தின் நிலைதான் கொடியது. பாரதிய சாட்சிய சட்டம் 111-ஆம் பிரிவின்படி ஒருவரைப் பற்றி ஏழாண்டு தகவலே இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ள வழியுண்டு. 2017-இல் ஓகி புயலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு, அந்த ஏழாண்டு காத்திருக்காமல் தமிழ்நாடும் கேரளமும் உதவித்தொகை வழங்கின. ஒற்றைப் படகில் போய்க் காணாமல் போனவர் வீட்டுக்கும் அதே நியாயம் கிடைக்க வேண்டும். அதைக் கேட்பதற்கு அன்றைக்கே கொடுத்த புகார் கையில் இருக்க வேண்டும். கிருமாம்பாக்கம் காவல் நிலையத்தில் புகாரை எழுத்தில் கொடுத்து, நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள்.