ஒரே ஒரு கோரிக்கையில் நின்றுபோகும் சர்வர்

2023 டிசம்பரில் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருளைப் பராமரிப்பவர்கள் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார்கள். குறிப்பிட்ட ஒரு வசதியை இயக்கிவைத்திருக்கும் சர்வருக்கு, அளவுமீறி நீண்ட ஹெடர் (கோரிக்கையோடு வரும் தலைப்புத் தகவல்) கொண்ட ஒரு கோரிக்கை வந்தால் போதும், மென்பொருள் அந்த இடத்திலேயே விழுந்துவிடும் என்றது அது. பல்லாயிரம் கணினிகளைக் கைப்பற்றி வெள்ளமாகத் தரவைக் கொட்டும் தாக்குதல்களைப் பற்றித்தான் நாம் அதிகம் படித்திருக்கிறோம். இதற்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை, ஒரு மடிக்கணினி போதும். பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலான சிவிஇயில் சிவிஇ-2023-50269 என்ற எண்ணில் பதிவான இந்தக் குறை, 2006இல் வந்த 2.6 பதிப்பிலேயே இருந்தது. இடையில் 3.0இல் மட்டும் இல்லை. அதன் பிறகு 6.5 வரை தொடர்ந்து வந்திருக்கிறது.

ப்ராக்ஸி என்பது பயனர்களுக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் சர்வர். கல்லூரி விடுதியிலோ அலுவலகத்திலோ பிரவுசரின் அமைப்புகளில் ஓர் ஐபி முகவரியையும் 3128 என்ற போர்ட் எண்ணையும் நிரப்பியவர்கள், பெயர் தெரியாமலேயே ஸ்க்விட்டைப் பயன்படுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். ஒருவர் கேட்ட பக்கத்தைச் சேமித்துவைத்து அடுத்தவருக்கு உடனே கொடுக்கும், எந்தத் தளத்தைத் திறக்கலாம் எனத் தீர்மானிக்கும், யார் எங்கே போனார்கள் எனப் பதிவு செய்யும். இணையதளங்களின் முன்னாலும் இதை நிறுத்துவதுண்டு. விக்கிப்பீடியா தன் தொடக்க ஆண்டுகளில் பெருகிவந்த வாசகர் கூட்டத்தை ஸ்க்விட்டை முன்னிறுத்தித்தான் சமாளித்தது.

ஆற்றைக் கடக்க ஊருக்கே ஒரு பாலம் இருப்பதுபோல, அத்தனை பேரின் போக்குவரத்தும் இதன் வழியே நடக்கிறது. ஒருவருடைய கணினியில் பிரவுசர் நின்றுபோனால் அவர் ஒருவருக்குத்தான் தொல்லை. ப்ராக்ஸி நின்றுபோனால் அந்த நிறுவனத்துக்கே இணையம் இல்லை.

அந்த டிசம்பர் குறை வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு கோரிக்கை பல ப்ராக்ஸிகளைத் தாண்டி வரும்போது, ஒவ்வொன்றும் ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’ என்ற ஹெடரில், தனக்கு அனுப்பியவரின் முகவரியைக் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும். உண்மையில் யார் கேட்டது என்று தெரிந்துகொள்ள, ஸ்க்விட் இந்தப் பட்டியலைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்கிறது. முகவரி நம்பத்தக்க ப்ராக்ஸியுடையது என்றால் அதற்கு முந்தைய முகவரிக்கு நகரும், இல்லையென்றால் அங்கேயே நிற்கும். இந்த நகர்வை நிரலில் எப்படி எழுதியிருந்தார்கள் என்பதில்தான் வினை இருந்தது. ஒரு முகவரியைப் பார்த்து முடித்த செயல்கூறு, அடுத்த முகவரிக்காகத் தன்னையே மறுபடி அழைத்தது. ஒவ்வோர் அழைப்பும் ‘ஸ்டேக்’ எனப்படும் நினைவகப் பகுதியில் கொஞ்சம் இடம் பிடிக்கும், உள்ளே போன அழைப்பு முடிந்து திரும்பும்வரை அந்த இடத்தை விடாது. லினக்ஸில் இந்தப் பகுதிக்கு வழக்கமாக 8 எம்பிதான் ஒதுக்கப்படும். இயல்பான பட்டியலில் மூன்று நான்கு முகவரிகள் இருக்கும், பிரச்சினை இல்லை. நம்பத்தக்க முகவரி ஒன்றையே ஆயிரக்கணக்கில் அடுக்கி ஒருவர் அனுப்பினால்? இடம் தீர்ந்ததும் இயங்குதளம் அந்தப் புராசஸைக் கொன்றுவிடும். யாரை நம்பலாம் என்ற விதியை நிர்வாகி எவ்வளவு தாராளமாக எழுதியிருக்கிறாரோ, அவ்வளவுக்குத் தாக்குபவரின் வேலை எளிது.

திருத்தமோ மிகச் சிறியது. 64 முகவரிகளுக்கு மேல் படிக்காதே என்று ஒரு வரம்பு வைத்து 6.6 பதிப்பை வெளியிட்டார்கள். எந்த நேர்மையான கோரிக்கையும் 64 ப்ராக்ஸிகளைத் தாண்டி வரப்போவதில்லை. ஒரு சின்ன வரம்பு இல்லாததால் இத்தனை ஆண்டுகள் இந்த வாசல் திறந்து கிடந்திருக்கிறது.

விழுந்தால் மறுபடி எழுப்பிவிடலாமே என்று தோன்றும். ஸ்க்விட் அதையும் செய்கிறது. வேலை செய்யும் புராசஸ் செத்தால், மேலே கண்காணிக்கும் முதன்மைப் புராசஸ் உடனே புதிதாக ஒன்றைத் தொடங்கும். ஆனால் சேமித்துவைத்திருந்தவற்றில் நினைவகத்தில் இருந்ததெல்லாம் போயிருக்கும், நடுவில் இருந்த பதிவிறக்கங்கள் அறுந்திருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சில நொடி இடைவெளியில் புராசஸ் திரும்பத் திரும்பச் செத்தால், இது தேறாது என்று முடிவுகட்டி அதைத் தொடங்குவதையே ஸ்க்விட் நிறுத்திவைக்கிறது. அண்மைப் பதிப்புகளில் நாம் எதையும் மாற்றாவிட்டால் இந்த ஒதுக்கிவைப்பு 1 மணி நேரம். ஒரு கோளாறு முழுச் சர்வரையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த ஏற்பாடுதான். தாக்குபவர் கையில் அது, நான்கைந்து கோரிக்கைகளில் ஒரு மணி நேரத்தை வாங்கித் தரும் கருவியாகிறது.

‘தரவு எதுவும் திருடுபோகவில்லையே, நின்றுதானே போனது’ என்று இவ்வகைக் குறைகளைப் பின்வரிசைக்குத் தள்ளும் பழக்கம் தொழில்நுட்பத் துறையில் இருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. மருத்துவமனையின் பதிவேடும் கல்லூரியின் இணையவழித் தேர்வும் ஒரே ப்ராக்ஸியை நம்பி நடக்கும்போது, நிற்பதுதான் சேதம். ‘நின்றுபோகும்’ என்று வகைப்படுத்தப்பட்ட குறை அந்த அளவோடு நின்றுவிடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2023 அக்டோபரில் வெளியான சிவிஇ-2023-46847ஐப் பாருங்கள். டைஜஸ்ட் முறையில் பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் பகுதியில் இருந்த அந்தக் குறை வழியாக, வெளியாள் ஒருவர் தன் விருப்பப்படி 2 எம்பி வரை தரவைச் சர்வரின் நினைவகத்தில் எழுதிவிட முடிந்தது. இதுவும் சேவை முடக்கம் என்ற தலைப்பில்தான் அறிவிக்கப்பட்டது.

இவை இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. ஜோஷுவா ரோஜர்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2021இல் ஸ்க்விட்டின் நிரலை வரிவரியாகப் படித்தும், தாறுமாறான உள்ளீடுகளைத் தானியங்கியாகக் கொடுத்துப் பார்த்தும் 55 குறைகளைக் கண்டுபிடித்துத் திட்டக்குழுவிடம் தெரிவித்தார். இரண்டரை ஆண்டு காத்திருந்து, 2023 அக்டோபரில் அவற்றைப் பொதுவெளியில் வைத்தபோது 35 திருத்தப்படாமல் இருந்தன. அவர் குழுவைக் குறைசொல்லவில்லை. ஒத்துழைத்தார்கள், ஆனால் அத்தனையையும் சரிசெய்ய அவர்களிடம் ஆள் இல்லை என்றே எழுதினார்.

ஸ்க்விட்டின் முதல் பதிப்பு 1996இல் வந்தது, தொடக்கத்தில் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதி அதற்கு இருந்தது. இன்று அதைத் தாங்கிப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். கையில் இருப்பதோ பல தலைமுறை நிரல். 1991இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்து, வலையின் வருகையால் மங்கிப்போன கோஃபர் நெறிமுறைக்கான பகுதி, 6.0.1 பதிப்புக்கு முன்புவரை ஸ்க்விட்டில் நிரந்தரமாக இயங்கும் நிலையிலேயே இருந்தது. அதிலும் சர்வரை வீழ்த்தும் குறை ஒன்று இருந்தது. கெட்ட எண்ணமே இல்லாத கோஃபர் சர்வரின் பதில்கூட அதைத் தூண்டிவிடக்கூடும் என்று எச்சரிக்கையில் எழுதியிருந்தார்கள். யாரும் பயன்படுத்தாத பகுதியை அகற்றுவதற்குக்கூட நேரமும் ஆளும் வேண்டும். இந்த மென்பொருளை இலவசமாக எடுத்துத் தங்கள் கருவிகளில் வைத்து விற்கும் நிறுவனங்கள் அதற்குப் பணமும் பொறியாளர்களும் தந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

2024 மார்ச்சில் மறுபடி ஒன்று. துண்டு துண்டாக வரும் எச்டிடிபி செய்தியைச் சேர்த்துப் படிக்கும் பகுதியிலும், தன்னையே வரம்பின்றி அழைக்கும் அதே வகைக் குறை சிக்கியது. 6.8இல் அது சரிசெய்யப்பட்டது.

ஸ்க்விட்டை நடத்தும் நிர்வாகிகள் முதலில் தங்கள் அமைப்புக் கோப்பைத் திறந்து, தேவையில்லாமல் இயங்குவது எது என்று பார்க்கலாம். முன்னால் வேறு ப்ராக்ஸி இல்லையென்றால் ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’ ஹெடரைப் பின்தொடரும் வரிகளை நீக்கிவிடலாம், அவை இல்லாத இடத்தில் டிசம்பர் குறைக்கு வேலையே இல்லை. 3128ஐ உள்வலைக்கு மட்டும் திறந்துவைக்க வேண்டும். பதிப்பைச் சரிபார்ப்பதில் ஒரு கவனம் வேண்டும். டெபியன், உபுண்டு போன்றவை பழைய பதிப்பு எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு திருத்தங்களை மட்டும் உள்ளே சேர்ப்பதால், 5.7 என்று காட்டும் சர்வர் திருத்தப்பட்டதாகவும் இருக்கலாம், திருத்தப்படாததாகவும் இருக்கலாம். அந்தப் பொதியின் மாற்றப் பதிவைத் திறந்து, மேலே சொன்ன சிவிஇ எண்கள் அதில் இருக்கின்றனவா என்று தேடினால் விடை கிடைத்துவிடும்.